எறும்பு மொய்த்த கசப்பு

"திருட்டுப் போனது எவ்வளவு?" என்று கேட்டாள் நஸீஹா.

"ஒண்ணும் போகலை. குப்பி வச்ச இடத்துல, இருக்க வேண்டிய அளவு அப்படியே இருக்கு" என்றாள் டாக்டர் விதாத். "அதான் பிரச்சினையே."

லம்ஜெத் மீன் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்தினான். பதினொரு வருஷம் ஸ்பாக்ஸ் துறைமுக நகரத் தெருக்களில் மஞ்சள் டாக்ஸி ஓட்டியவன். கடந்த மூன்று வருஷமாக நஸீஹாவின் உதவியாளன். பொருள் அப்படியே இருக்கிறது என்று புகார் கொடுக்க வந்த முதல் ஆள் இந்த டாக்டரம்மாதான்.

"லல்லா, இவங்களுக்கு நம்ம தேவையில்லை. ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் போதும்" என்று காதோரம் முணுமுணுத்தான்.

நஸீஹா அவனை ஒரு பார்வை பார்த்தாள். துறைமுகச் சுங்கச் சாவடியில் இருபத்திரண்டு வருஷம் பெட்டிகளைத் திறந்து பார்த்த கண்கள் அவை. வேலையை விட்டுத் துப்புத் துலக்க வந்த பிறகும் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவளை 'லல்லா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

"சொல்லுங்க டாக்டர். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. லம்ஜெத்துக்கும் புரியணும்."

விதாத் கைப்பையிலிருந்து பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கட்டைவிரல் உயரம். உள்ளே வெளிர் மஞ்சள் பொடி.

"ஒலியூரோபீன். ஆலிவ் இலையில இருக்கிற கசப்பு. ரெண்டு வருஷம் பாடுபட்டு நானே பிரிச்சு எடுத்தேன். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சுத்தம்னு வெளிநாட்டுல சோதிச்சுச் சொன்னாங்க. எங்க ஆய்வுக்கூடத்துக்கு இதுதான் எடைக்கல். ஒவ்வொரு செக்குக்காரரும் கொண்டு வர்ற எண்ணெயில கசப்புச் சத்து எவ்வளவுன்னு இதோட ஒப்பிட்டுத்தான் அளப்போம். கசப்பு கூடக் கூட எண்ணெய் சீக்கிரம் கெடாது, விலையும் ஏறும்."

"எடைக்கல் சரியில்லை, அப்படித்தானே?"

"பாதி பலம்தான் இருக்கு. பழைய குறிப்போட நேத்துதான் ஒப்பிட்டுப் பார்த்தேன்."

லம்ஜெத் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "எடைக்கல் இளைச்சா எல்லார் சரக்கும் கொழுத்துத் தெரியும். அப்ப எல்லாருக்கும் லாபம்தானே? இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

"எல்லாருக்கும் முதல் தரச் சீட்டுக் குடுத்திருக்கேனே! ஃபவுஸி செக்கு எண்ணெய்க்குக்கூட. அது குழந்தைக்குத் தலையில தேய்க்கிற எண்ணெய். அவர் ஊரெல்லாம் இனிப்புக் குடுத்துக் கொண்டாடிட்டாரு. கடைசியில எங்க மாமாதான் அதை வாயில வச்சுட்டுக் கத்தினாரு."

மாமா என்றால் விதாத்தின் மாமனார் ஹாஜி ஸுபைர். நாற்பது வருஷமாக எண்ணெய் ருசி பார்ப்பவர். ஆய்வுக்கூடத்தின் ருசிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் நாக்கில் பட்ட எண்ணெய்க்கு மேல்முறையீடு கிடையாது.

"என்ன சொல்லிக் கத்தினாரு?"

"'இது கசப்பா? என் மருமக போடுற டீ இதைவிடக் கசக்கும்'னு பத்து பேர் முன்னாடி சொன்னாரு. விஷயம் தலைநகர் வரைக்கும் போயிடுச்சு. வெள்ளிக்கிழமை அதிகாரிங்க வர்றாங்க. யாரு கலந்தது, எந்தத் தேதியிலிருந்து கலந்ததுன்னு நான் சொல்லியாகணும். சொல்லலைன்னா பூட்டுப் போட்டுடுவாங்க."

"யார் மேல சந்தேகம்?"

விதாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "குளிர்பெட்டிக்கு மூணு சாவி. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு மாமாகிட்ட, ருசி பார்க்கிற எண்ணெயும் அதுலதான் இருக்கு. மூணாவது ஸிஹெம்கிட்ட. எங்க ஆய்வாளர். அவ ஃபவுஸியோட ரெண்டு தடவை காப்பிக் கடையில உக்காந்து குசுகுசுன்னு பேசினதை நானே பார்த்தேன். நேத்து அவளை வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஒரு வார்த்தை பேசலை, வெள்ளைக் கோட்டை மடிச்சு வச்சுட்டுப் போயிட்டா."

அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. நஸீஹா எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"லம்ஜெத், வண்டியை எடு."

"ரொட்டி?"

"அதையும் எடு."

*

ஆய்வுக்கூடம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. அறுவடைக் காலம் என்பதால் வாசல் வரை எண்ணெய்ப் புட்டிகள் பெட்டி பெட்டியாக நின்றன. உள்ளே உணவுப் பண்டம் எதுவும் கொண்டு வரக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்ததால் லம்ஜெத் ரொட்டியை வாசலிலேயே முடிக்க வேண்டியதாயிற்று.

நஸீஹா ஒவ்வொரு அறையாகப் பார்த்து வந்தாள். யந்திரங்கள் எதையும் அவள் தொடவில்லை. சுங்கச் சாவடிப் பழக்கம்: மேஜைமேல் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், மேஜைக்குக் கீழே இருப்பதை அவள் பார்ப்பாள்.

நிறுக்கும் அறைக்கு வந்ததும் லம்ஜெத் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"களைப்பா?" என்றாள் நஸீஹா.

"இல்லை லல்லா. இங்க ஒரு ஊர்வலம் போகுது."

சுவர் இடுக்கிலிருந்து கிளம்பிய எறும்புச் சாரி ஒன்று, தரையைக் கடந்து, மூலையிலிருந்த குப்பைக் கூடைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கூடைக்குள் சதுரம் சதுரமாக வெட்டிய சின்னக் காகிதங்கள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மொட்டு மாதிரி எறும்புக் கூட்டம்.

விதாத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "பத்து வருஷத்துல இங்க எறும்பு வந்ததே இல்லை!"

"இந்தக் காகிதத்துல என்ன நிறுப்பீங்க?" என்று கேட்டாள் நஸீஹா.

"குப்பியில இருக்கிற பொடியைத்தான். தினம் நாலஞ்சு தடவை, ஒவ்வொரு துளி. நிறுத்துட்டுக் காகிதத்தைக் கூடையில போட்டுடுவோம். ஸிஹெம் இல்லாததால நேத்திலிருந்து யாரும் கொட்டலை."

"கசப்புப் பொடியை எறும்பு இப்படி விழுந்து விழுந்து தின்னுமா?" என்றான் லம்ஜெத். "எங்க மாமியார் வச்ச சூப்புப் பக்கம்கூட எறும்பு எட்டிப் பார்த்ததில்லை. அது இதைவிடக் கம்மியான கசப்பு."

நஸீஹா கூடைக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு அவன் தோளில் ஓங்கித் தட்டினாள். அவள் அப்படித் தட்டினால் அன்றைக்குச் சம்பளத்துக்குக் குறைவில்லாமல் வேலை செய்துவிட்டான் என்று அர்த்தம்.

"டாக்டர், உங்க குப்பியில இருந்து ஒரு துளி எடுத்து நாக்குல வையுங்க."

"ஆய்வுக்கூடத்துல எதையும் வாயில வைக்கிறது..."

"ஆலிவ் இலைதானே? வையுங்க."

விதாத் விரல் நுனியில் தொட்டு வைத்தாள். முகம் கோணியது. பிறகு புருவம் மெல்ல உயர்ந்தது.

"முதல்ல கசக்குது... பின்னாடியே இனிக்குது. சர்க்கரை! யாரோ சர்க்கரையைப் பொடி பண்ணிக் கலந்திருக்காங்க!"

"உள்ள சர்க்கரையே வரக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. அப்ப எங்கிருந்து வந்தது? இங்க வேலை பார்க்கிறவங்க காப்பி எங்க குடிப்பாங்க?"

"எதிர்ல இருக்கிற கடையிலதான்."

*

காப்பிக் கடையில் காலைக் கூட்டம் கலைந்திருந்தது. ஒரே ஒரு மேஜையில் மட்டும் ஃபவுஸி, செக்கு முதலாளி, பெரிய தொப்பையோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வளையப் பலகாரம். ஒவ்வொன்றின் மேலும் மாவுச் சர்க்கரை பனி மாதிரி தூவியிருந்தது. அவர் விரல், மீசை, கோட்டுப் பொத்தான் எல்லாம் வெள்ளை.

லம்ஜெத்துக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "லல்லா, கேஸ் முடிஞ்சது. ஆளும் இருக்கான், மாவுச் சர்க்கரையும் இருக்கு. நான் வாசலை மறிச்சுக்கட்டுமா?"

"முதல்ல ஒரு பலகாரம் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நஸீஹா ஃபவுஸிக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஸிஹெம்கிட்ட நீங்க ரெண்டு தடவை தனியாப் பேசினீங்களாம். என்ன கேட்டீங்க?"

ஃபவுஸியின் முகம் சிவந்தது. "யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு. உங்ககிட்ட ஏதோ வாங்கிட்டாள்னு."

"யா அல்லாஹ்!" ஃபவுஸி எழுந்தேவிட்டார். மேஜை ஆடியது. "அவ என்கிட்ட ஒரு கிளாஸ் தண்ணிகூட வாங்கினதில்லை. நான்தான்... நான்தான் அவகிட்ட ஒண்ணு கேட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க அம்மா ஜலீலா இருக்காங்களே, ஊசி போடுற மருந்தகத்துல நர்ஸு. என் வீட்டுக்காரி போயி ஆறு வருஷமாச்சு. அவங்களும் தனியா இருக்காங்க. பொண்ணு சம்மதிச்சாத்தானே மேல பேச முடியும்? அதைத்தான் கேட்டேன். எங்கம்மா மேல சத்தியம்."

லம்ஜெத் கடித்த பலகாரம் தொண்டையிலேயே நின்றது.

"ஸிஹெம் என்ன சொன்னா?" என்றாள் நஸீஹா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"'உங்க எண்ணெயைவிட நீங்க பரவாயில்லை'ன்னா."

அவர் போன பிறகு லம்ஜெத் வருத்தத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டான். "நல்ல குற்றவாளியா கிடைச்சான். கல்யாண மாப்பிள்ளையாப் போயிட்டான். இப்ப என்ன பண்றது? சர்க்கரை போட்டுக் காப்பி குடிக்கிறவங்க பட்டியல் எடுத்தா ஊரே வரும்."

"போட்டுக் குடிக்கிறவங்க நமக்கு எதுக்குடா? சர்க்கரை வாங்கி, காப்பியில போடாதவங்க யாருன்னு போய்க் கேளு."

லம்ஜெத் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு கல்லாப்பக்கம் போய், டாக்ஸி ஓட்டிய காலத்துச் சிநேகிதனான பரிசாரகன் ஹெடியிடம் பேச்சுக் கொடுத்தான். திரும்பி வரும்போது அவன் நடையே மாறியிருந்தது.

"லல்லா, ஒருத்தர் இருக்காரு. தினம் காலையில ஏழரை மணி. கறுப்புக் காப்பி. கூட ரெண்டு சர்க்கரைப் பொட்டலம் கேட்டு வாங்குவாரு. ஆனா பிரிக்கிறதே இல்லை. காப்பியைக் கடுங்கசப்பாவே குடிச்சுட்டு, பொட்டலத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவாரு. எதுக்குன்னு ஹெடி கேட்டானாம். 'கழுதைக்கு'ன்னாராம்."

"கழுதை வச்சிருக்கிறாரா?"

"அதை அவர் மருமககிட்டதான் கேக்கணும்."

நஸீஹா காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஹாஜி ஸுபைர்."

"அவரேதான். ஆனா இது எப்படி லல்லா? புகார் பண்ணினதே அவருதானே! திருடன் தானே போய்ச் சங்கு ஊதுவானா?"

"ஊதுவான், தான் பண்ணினது திருட்டுன்னு அவனுக்கே தெரியலைன்னா. வா."

*

ருசி அறையில் ஹாஜி ஸுபைர் வெள்ளை ஜிப்பாவில், நீலக் கண்ணாடிக் கிண்ணங்களின் முன்னால் தீர்ப்புச் சொல்லும் காஜி மாதிரி அமர்ந்திருந்தார். எண்ணெயின் நிறம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீலம்.

"வாங்க லல்லா. கலப்படக்காரனைப் பிடிச்சீங்களா?"

"பிடிக்கிறதுக்கு உங்க நாக்குதான் உதவணும் ஹாஜி."

நஸீஹா இரண்டு கிண்ணங்களை விதாத்திடம் நிரப்பச் சொன்னாள். ஒன்று ஃபவுஸியின் எண்ணெய். இன்னொன்று வடக்கு மலைப்பக்கத்து எண்ணெய், அந்தப் பருவத்திலேயே காட்டமானது. முதலில் லம்ஜெத்தைக் குடிக்கச் சொன்னாள். முதல் கிண்ணம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது கிண்ணத்தை வாயில் வைத்தவன் நாலு தடவை இருமினான். கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது.

"லல்லா... என்னைக் கொல்லணும்னா... முன்கூட்டியே சொல்லக் கூடாதா?"

ஹாஜி சிரித்தார். பிறகு அதே இரண்டு கிண்ணங்களையும் எடுத்தார். உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, முகர்ந்து, உறிஞ்சி, நாக்கில் உருட்டினார். முதலாவதற்கு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதையும் அப்படியே விழுங்கிவிட்டு, "இதுவும் தண்ணிதான். கசப்பே இல்லை" என்றார்.

விதாத் கையிலிருந்த புட்டி நழுவப் பார்த்தது. "மாமா... அது மலை எண்ணெய்."

ஹாஜியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. நாற்பது வருஷமாக அவரைக் காப்பாற்றிய நாக்கு, மரக்கட்டை மாதிரி வாயில் கிடந்தது.

"தினமும் காலையில எவ்வளவு எடுத்துக்கிறீங்க ஹாஜி?" என்று கேட்டாள் நஸீஹா, மிக மெதுவாக. "சுத்தமான கசப்பைத் தினம் தின்னா, நாக்குக்கு வேற கசப்பு எப்படித் தெரியும்?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு ஜிப்பாப் பையிலிருந்து இரண்டு சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். எனக்குச் சர்க்கரை நோய் ஏறிப் போச்சு. இனிமே தினம் ஊசின்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கு ஊசின்னா... சின்ன வயசிலிருந்தே பயம். ஆலிவ் இலைக் கசப்பு சர்க்கரையை விரட்டும்னு கடைத்தெருவுல சொன்னாங்க. அந்தக் கசப்போட சாறெல்லாம் இந்த ஒரு குப்பியிலதான் இருக்கேன்னு..."

"மருந்தகத்துக்குத் தினம் போய் ஊசி போட்டுக்கிறதா என்கிட்டச் சொன்னீங்களே மாமா!"

"மருந்தகம் வாசல் வரைக்கும் போவேன்மா."

"அப்ப இந்தச் சர்க்கரை?"

"குப்பி குறைஞ்சா நீ வருத்தப்படுவியேன்னு, எடுத்த அளவுக்குப் பொடி பண்ணி நிரப்பி வச்சேன். வெளுப்பா எதைப் போட்டா என்ன, குளிர்பெட்டியில சும்மா இருக்கிற பொடிதானேன்னு நினைச்சேன். அதுதான் உன் எடைக்கல்லுன்னு எனக்கு யாரு சொன்னா? நான் நாக்கால அளக்கிறவன்."

"ரெண்டு பொட்டலத்துல குப்பிக்குப் போனது ஒரு சிட்டிகை" என்றான் லம்ஜெத், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மீதியை என்ன பண்ணினீங்க ஹாஜி?"

ஹாஜி தலையைக் குனிந்துகொண்டார். "எறிய மனசு வரலை. வாயில போட்டுக்கிட்டேன்."

லம்ஜெத்தால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டான். நஸீஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அவள் தோள் குலுங்கியது. விதாத் மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, உங்களால நான் ஸிஹெமைத் திருடின்னு அனுப்பிட்டேன்."

ஹாஜி நிமிர்ந்தார். அந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தைத்தது. "அந்தப் பொண்ணையா? எனக்குக் கோட்டு மாட்டி விடுமே, அந்தப் பொண்ணையா?" கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு எழுந்தார். "எங்க இருக்கா? இப்பவே கூட்டிட்டுப் போ."

*

ஸிஹெம் மருந்தகத்தில்தான் இருந்தாள். வேலையில்லாமல் வீட்டில் உட்கார முடியாமல், அம்மாவுக்குப் பஞ்சு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் வணக்கம் சொல்லவில்லை.

"தப்பு என்னோடது" என்றார் ஹாஜி, வாசலிலேயே நின்று, எல்லா நோயாளிகளும் கேட்கும்படி. முழுக் கதையையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

ஸிஹெம் விதாத்தைப் பார்த்தாள். "ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் டாக்டர். ஒரே ஒரு கேள்வி."

"கேட்டிருக்கணும்" என்றாள் விதாத். "மன்னிச்சுக்கோ. அந்தக் கோட்டு மடிச்ச இடத்துலயே இருக்கு. நான் தொடலை."

ஸிஹெம் இன்னும் இரண்டு பஞ்சை மடித்து முடித்தாள். "முத்திரை உடைக்காத இன்னொரு குப்பி உங்க பெட்டியில இருக்குல்ல? அதை வச்சு எல்லா எண்ணெயையும் திரும்ப அளக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலாம். ஆனா எந்தத் தேதியிலிருந்து?"

"அது என் நோட்டுல இருக்கு" என்றாள் ஸிஹெமின் அம்மா, நர்ஸ் ஜலீலா. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "ஹாஜி ஸுபைர். இருபத்து மூணு நாளா பேரு வருது, ஆளு வரலை. ஊசிக்குப் பதிலாப் பொடி எடுத்தது அன்னையிலிருந்துதானே. உக்காருங்க, கையை நீட்டுங்க."

"இன்னைக்கேவா? நாளையிலிருந்து..."

"நீட்டுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். லம்ஜெத் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஃபவுஸியின் கல்யாண விஷயத்தைக் காதில் சொல்லத் தொடங்கினான். ஹாஜி "யாரோட?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஊசி போட்டு முடிந்துவிட்டது. ஜலீலா காதுவரை சிவந்துபோய்ப் பஞ்சை அழுத்தினாள்.

*

வெள்ளிக்கிழமை மூன்று அதிகாரிகள் வந்தார்கள். திரும்ப அளந்த கணக்குகள் மேஜைமேல் இருந்தன. பதினொரு செக்குகளில் ஏழு முதல் தரத்திலிருந்து இறங்கிவிட்டன. ஃபவுஸியினுடையது கடைசி.

"எந்தத் தேதியிலிருந்துன்னு சரியாச் சொல்லியிருக்கீங்க. நல்லது" என்றார் மூத்த அதிகாரி. "யாருங்கிற இடம் மட்டும் காலியா இருக்கு."

விதாத் பேனாவைக் கையில் எடுத்தாள். எடுத்த கை நகரவில்லை. லம்ஜெத் சுவரோரம் நின்று தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஹாஜி எழுந்து வந்தார். மருமகள் கையிலிருந்து பேனாவை வாங்கி, காலியிடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார். பிறகு ருசிக் குழுப் பட்டியலை இழுத்து, முதலாவதாக இருந்த அதே பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"நாக்கு திரும்பினா நீங்களே கூப்பிட்டுச் சோதிங்க. அதுவரைக்கும் அந்த நாற்காலியில ஸிஹெமை உட்கார வையுங்க. அவளுக்கு நல்ல நாக்கு" என்றார்.

அதிகாரி அந்தப் பட்டியலை அறிக்கையோடு சேர்த்து வைத்தார். பிறகு முத்திரையை எடுத்து அறிக்கையின் அடியில் ஓங்கிக் குத்தினார். ஆய்வுக்கூடம் தப்பித்தது.

ஹாஜி அதற்குள் முற்றத்தில் இறங்கி நடந்துகொண்டிருந்தார். விதாத் பின்னாலேயே ஓடினாள்.

"மாமா, எங்க போறீங்க? தனியா இருக்கணுமா?"

"மணி பன்னெண்டாகப் போகுது" என்றார் அவர், திரும்பாமலே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. "தாமதமாப் போனா அந்த நர்ஸம்மா பெரிய ஊசியா எடுத்துடுவாளோ என்னமோ."

தெருவைத் தனியாகக் கடந்து, மருந்தக வாசலில் ஒரு வினாடி நின்றார். பிறகு உள்ளே போனார்.